உட்செவியும் வைரஸும்: உறுதியானது எது, ஊகம் எது?

காலையில் எழுந்தால் ஒருவருக்கு ஒரு காது அடைத்துப்போயிருக்கிறது. அழுக்கு இல்லை, சீழ் இல்லை; கேட்க மட்டும் இல்லை. இன்னொருவருக்குக் கண்ணைத் திறந்தாலே வீடு சுழல்கிறது, வாந்தி நிற்கவில்லை. மூன்றாவது ஆள் ஒரு குழந்தை. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பரிசோதித்தால் பிறவியிலேயே செவித்திறன் இல்லை என்று தெரிகிறது. இந்த மூவரின் மருத்துவக் குறிப்பிலும் ‘வைரஸ்’ என்ற சொல் இடம்பெறலாம். ஆனால் மூன்று இடத்திலும் அதற்கு ஒரே எடை கிடையாது. குழந்தையைப் பொறுத்தவரை, உரிய நேரத்தில் பரிசோதித்திருந்தால் அது ஆய்வகத்தில் காட்டக்கூடிய உண்மை. தலைசுற்றல்காரரைப் பொறுத்தவரை நல்ல அடிப்படையுள்ள ஊகம். காது அடைத்தவர் விஷயத்திலோ, வேறு காரணம் எதுவும் பிடிபடாததால் வந்து நிற்கும் ஊகம்.

வைரஸ்களுக்கும் உட்செவிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவை இந்த எடையின்படி வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: வைரஸ்தான் என்று உறுதிப்பட்ட இடங்களில் பெரிதும் கைகொடுப்பது நோய் வருமுன் செய்யும் தடுப்பு, வைரஸாக இருக்கலாம் என்று மட்டும் தெரிந்த இடங்களில் வைரஸ் எதிர்ப்பு மருந்து இதுவரை பெரிதாகப் பலன் காட்டவில்லை.

எட்டாத இடம்

உட்செவி பொட்டெலும்பின் உள்ளே, உடலின் மிகக் கடினமான எலும்புப் பகுதிகளில் ஒன்றில் புதைந்திருக்கிறது. கேட்பதற்கான நத்தைக்கூடு பட்டாணியளவுதான். அதனுள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நின்று ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உடலின் சமநிலையைக் கவனிக்கின்றன. எல்லாவற்றையும் சூழ்ந்து திரவம். பறவைகளுக்கு மயிர்ச்செல் அழிந்தால் மீண்டும் முளைக்கும்; மனிதருக்கு நத்தைக்கூட்டில் போனது போனதுதான். பாதிப்பு நிரந்தரமாகிவிடுவதற்கு முதற்காரணம் இது.

வைரஸ் இங்கே வந்துசேரப் பல வழிகள் உண்டு. ரத்தத்தின் வழியாக வந்தால், உட்செவித் திரவத்தைச் சுரந்து அதன் மின்னழுத்தத்தைக் காக்கும் ரத்தநாளப் பட்டையைத் தாக்குகிறது. மூளையுறை அழற்சி இருந்தால் மூளைத் தண்டுவடத் திரவத்தின் வழியாக இறங்கிவரும். சில வைரஸ்கள் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. நரம்பு முடிச்சில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து அங்கேயே விழித்துக்கொள்கின்றன. சேதம் நேரும் விதமும் ஒன்றல்ல. வைரஸே செல்லைக் கொல்லலாம். வைரஸைக் கொல்ல வந்த நோயெதிர்ப்புச் செல்கள் உட்செவியையும் சேர்த்து அழிக்கலாம். உட்செவிக்கு வரும் ஒற்றைத் தமனி வீங்கியோ அடைத்தோ போகலாம். அந்தத் தமனிக்கு மாற்றுவழி இல்லை.

இவற்றில் எது நடந்தது என்று நோயாளி உயிரோடிருக்கும்போது அறிவதுதான் கடினம். கல்லீரலிலோ தோலிலோ செய்வதுபோல் உட்செவியில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க முடியாது. எடுத்தால் கேட்கும் திறனே போய்விடும். ஆகவே ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பவை இறந்தவரின் பொட்டெலும்பு, அறுவைச் சிகிச்சையின்போது கசியும் சில துளித் திரவம், எலி, ஆய்வகத்தில் வளர்த்த செல்கள், கொள்ளைநோய்க் காலக் கணக்குகள் ஆகியவை மட்டுமே. இத்துறையின் முடிவுகள் பல ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு முடிவதற்கு இதுவே காரணம்.

ருபெல்லா: வைரஸைப் பிடிக்குமுன் கிடைத்த நிரூபணம்

இத்தனை தடைகளுக்கிடையிலும் முதல் நிரூபணம் காது மருத்துவரிடமிருந்து வரவில்லை, கண் மருத்துவரிடமிருந்து வந்தது. சிட்னியைச் சேர்ந்த நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் 1941இல் பிறவிக் கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 68 பேரின் தாய்மார் கருவுற்ற காலத்தில் ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லாவுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்தக் கட்டுரை கண்ணையும் இதயத்தையும்தான் பேசியது. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு, தங்களுக்கும் அதே காய்ச்சல் வந்ததாகவும் தங்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றும் தாய்மார் அவரிடம் சொன்னார்கள். 1943இல் அடிலெய்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்வானும் அவருடன் பணியாற்றியவர்களும் செவிட்டுத்தன்மையையும் சேர்த்து உறுதிசெய்தார்கள். ருபெல்லா வைரஸை ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது 1962இல்தான். வைரஸ் கைக்கு அகப்படுவதற்கு இருபதாண்டு முன்னரே, தாய்மாரின் நினைவையும் குழந்தைகளின் பிறந்த மாதத்தையும் வைத்து வழக்கு முடிந்துவிட்டது.

கருவின் முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு குறை நேர்கிறது. அவற்றுள் அதிகம் காணப்படுவது செவித்திறன் இழப்பு. 1964–65இல் அமெரிக்காவில் பரவிய கொள்ளைநோயில் சுமார் 1.25 கோடிப் பேருக்கு ருபெல்லா வந்தது. ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறவி ருபெல்லா பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காது கேட்கவில்லை. 1969இல் அங்கே தடுப்பூசி அனுமதி பெற்றது. 2015இல் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டும் ருபெல்லா ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டன.

நம் பகுதியில் இலங்கை முந்திக்கொண்டது. 2020இல் தட்டம்மை, ருபெல்லா இரண்டையும் ஒழித்த நாடாக மாலத்தீவோடு சேர்த்து அதை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவின் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பெரும்பாலும் பள்ளியிலேயே, ஊசி போடப்பட்டது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் வாட்ஸப் வழியாகப் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள். ருபெல்லா வந்த குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சலும் லேசான சிவப்புத் தடிப்பும்தான். ஆபத்து அந்தக் குழந்தைக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு. தன் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத நோய்க்கு எதற்கு ஊசி என்ற கேள்விக்கு அன்று இந்த விடை பலருக்குப் போய்ச் சேரவில்லை.

சைட்டோமெகாலோ: பெயர் தெரியாத முதற்காரணம்

ருபெல்லா அடங்கிய நாடுகளில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு, மரபணுக் காரணங்களை விட்டால், முதலிடத்தில் நிற்பது சைட்டோமெகாலோ வைரஸ். சின்னம்மையையும் அக்கியையும் தரும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. நூறு பிறப்புக்கு ஏறக்குறைய ஒரு குழந்தை இதன் தொற்றோடு பிறக்கிறது. வசதி குறைந்த நாடுகளில் விகிதம் கூடுதல். அப்படிப் பிறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள். பிறக்கும்போதே அறிகுறி உள்ளவர்களில் மூவரில் ஒருவருக்கும், அறிகுறி இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கும் செவித்திறன் பாதிக்கிறது.

இதன் இயல்பு நயவஞ்சகமானது. பிறந்ததும் செய்யும் செவிப் பரிசோதனையில் தேறிய குழந்தைக்கு இரண்டாம் வயதிலோ நான்காம் வயதிலோ கேள்வி குறையத் தொடங்கலாம். ஒரு காதில் தொடங்கி மறு காதுக்கும் வரலாம். சமநிலை உறுப்பும் பாதிக்கப்படுவதால் சிலர் தாமதமாக நடக்கிறார்கள். எலிகளிலும் கருச்சிசுக்களின் உட்செவியிலும் நடந்த ஆய்வுகள், வைரஸ் மயிர்ச்செல்லைவிட ரத்தநாளப் பட்டையையே அதிகம் பிடிப்பதைக் காட்டுகின்றன. திரவத்தின் மின்னழுத்தம் குறையக் குறைய மயிர்ச்செல்லும் நரம்பும் பின்னால் சாகின்றன என்று கொண்டால், கேள்வி படிப்படியாகப் போவதற்கு விளக்கம் கிடைக்கிறது.

இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே இத்தொற்று வந்துபோயிருக்கும். ஒருமுறை வந்தால் போதும், சிசுவுக்குப் பயமில்லை என்று சொல்ல முடியாது. பழைய வைரஸ் விழித்தெழுந்தோ புதிய ரகம் தொற்றியோ குழந்தைக்குப் போகலாம். தடுப்பூசி இன்னும் இல்லை. உறுதியாகக் கண்டுபிடிக்க முக்கிய வாய்ப்பு, பிறந்த 21 நாளுக்குள் குழந்தையின் உமிழ்நீரையோ சிறுநீரையோ பரிசோதிப்பது. அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டாலும், கருவிலே வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறிகுறியுள்ள சிசுக்களுக்கு ஆறு மாதம் வால்கான்சிக்ளோவிர் கொடுத்தால், ஆறு வாரம் கொடுப்பதைவிடச் செவித்திறன் ஓரளவு மேம்படுகிறது என்று 2015இல் வெளியான சோதனை காட்டியது. உட்செவி விஷயத்தில் வைரஸ் எதிர்ப்பு மருந்து முறையான சோதனையில் பலன் காட்டிய அரிய இடம் இது, அதுகூட ‘ஓரளவு’தான்.

பொன்னுக்கு வீங்கி: ஒரு காதைப் பறிக்கும் வீக்கம்

தாடை வீங்கிய பிள்ளையின் கழுத்தில் பொன் சங்கிலியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருப்பது நம் வீடுகளில் பழக்கம். வீக்கம் தானாகவே வற்றிவிடுவதால் நோயும் சாதாரணமானது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு காது முழுவதுமாகப் போய்விடுகிறது. வீக்கத்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மறு காது நன்றாகக் கேட்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை; போனை அந்தப் பக்கம் வைக்கும்போதோ பள்ளிப் பரிசோதனையிலோ வெளிப்படும். எப்போது போனது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

இது 20,000 பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வு அதை மாற்றியது. குழந்தை மருத்துவர்கள் தம்மிடம் வந்த 7,400 நோயாளிகளின் பெற்றோரிடம், காதருகே விரல்களை உரசிக் கேட்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவரச் சொன்னார்கள். ஏழு பேருக்கு ஒரு காது போயிருந்தது, ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்பது அபூர்வம் அல்ல. ஜப்பானில் 1993இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான முத்தடுப்பூசி நிறுத்தப்பட்டு, பொன்னுக்கு வீங்கி ஊசி பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்டதால்தான் இத்தனை நோயாளிகள் கிடைத்தார்கள். 2015–16இல் அங்கே பரவியபோது, காது போனவர்கள் முந்நூறுக்கு மேல் என்று காது மருத்துவர் சங்கம் கணக்கெடுத்தது.

இந்தியாவில் 2017 முதல் அரசு போடும் ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த முத்தடுப்பூசியைக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. போட்டுக்கொள்வது பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டக்கூடியவர்கள். தட்டம்மையைப் பொறுத்தவரை, தடுப்பூசிக்கு முந்தைய அமெரிக்காவில் கடுமையான செவிட்டுத்தன்மையில் 5 முதல் 10 சதவீதம் அதன் கணக்கில் இருந்தது. ஊசி பரவிய நாடுகளில் அந்தக் கணக்கே மறைந்துவிட்டது.

அக்கி: உறங்கி எழும் வைரஸ்

சின்னம்மை வந்துபோன பிறகு அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. முதுமையிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ எழுந்து அக்கியாக வெளிவருகிறது. முகநரம்பின் முடிச்சில் எழுந்தால் காதுமடலிலும் காதுக்குழியிலும் கொப்புளம், தாங்க முடியாத வலி, முகம் ஒருபக்கம் கோணிப்போதல். அதே எலும்புக் குழாயில் ஓடும் செவிநரம்பையும் சமநிலை நரம்பையும் தொட்டால் இரைச்சல், கேள்விக் குறைவு, தலைசுற்றல். 1907இல் இதை விவரித்த அமெரிக்க நரம்பியலர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட்டின் பெயரே நோய்க்கு நிலைத்தது. 2022இல் பாடகர் ஜஸ்டின் பீபர் தம் முகம் ஒருபக்கம் அசையாததைக் காணொளியில் காட்டியபோது இந்தப் பெயர் உலகம் முழுவதும் அறிமுகமாயிற்று.

இங்கே நேரம் முக்கியம். ஜப்பானில் 80 நோயாளிகளை வைத்துச் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று நாளுக்குள் அசைக்ளோவிரும் ஸ்டீராய்டும் தொடங்கியவர்களில் 75 சதவீதத்தினருக்கு முகம் முழுமையாகச் சீரானது. ஏழு நாள் கழித்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதத்தினருக்குத்தான். நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் ‘அக்கி எழுதிக்கொள்ளும்’ வழக்கம் இன்னும் இருக்கிறது. முதுகிலோ இடுப்பிலோ வந்த அக்கி பெரும்பாலும் எப்படியும் ஆறிவிடும் என்பதால் அந்த வழக்கத்துக்கு நற்பெயர் நிலைக்கிறது. காதில் வந்த அக்கிக்கு அந்த மூன்று நாளை எழுதுவதில் கழித்தால் முகமும் காதும் விலையாகலாம்.

லாசா: கொல்வது வைரஸா, எதிர்ப்பா?

வைரஸ் உள்ளே இருந்ததால் மட்டுமே சேதம் என்ற எண்ணத்தைக் குலைத்தது மேற்கு ஆப்பிரிக்காவின் லாசா காய்ச்சல். 1969இல் நைஜீரியாவின் லாசா ஊரில் அறியப்பட்டது. எலி மூலம் பரவுவது. சியரா லியோனில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், உறுதிப்படுத்தப்பட்ட நோயாளிகளில் 29 சதவீதத்தினருக்குச் செவித்திறன் பாதித்திருந்தது. காய்ச்சல் எவ்வளவு கடுமை என்பதற்கும் காது போவதற்கும் தொடர்பில்லை. உடம்பு தேறிவரும் நாட்களில், அதாவது எதிர்ப்புச் சக்தி வைரஸை வெல்லத் தொடங்கும் நேரத்தில்தான் காது போனது. பின்னாளில் எலிகளில் நடந்த சோதனைகளும் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் பங்கைச் சுட்டின. வைரஸைக் கொல்லும் மருந்து உட்செவியைக் காப்பாற்றாமல் போவதற்கு இது ஒரு விளக்கம்: மருந்து சேரும் நேரத்தில் சேதத்தைச் செய்துகொண்டிருப்பது வைரஸாக இல்லாமல் இருக்கலாம்.

ஊகத்தின் எல்லை: தலைசுற்றலும் திடீர்ச் செவிடும்

சமநிலை நரம்பு அழற்சி வந்தவருக்கு நாள்கணக்கில் உலகம் சுழலும். காது மட்டும் நன்றாகக் கேட்கும். சளிக்காய்ச்சல் வந்து சில நாளில் வருவதும், இறந்தவர்களின் சமநிலை நரம்பு முடிச்சில் உதட்டுக் கொப்புள வைரஸின் டிஎன்ஏ கிடைத்திருப்பதும் வைரஸ் கருத்துக்கு ஆதரவு. ஆனால் அந்த டிஎன்ஏ, தலைசுற்றலே வராதவர்களிடமும் கிடைக்கிறது. 2004இல் ஜெர்மனியில் 141 பேரிடம் நடந்த சோதனை நேரடியாகவே கேட்டுப் பார்த்தது. ஓராண்டுக்குப் பின் நரம்பின் செயல்பாடு மீண்டது, வெற்றுமாத்திரை பெற்றவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், வைரஸ் மருந்து பெற்றவர்களுக்கு 36, ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 62, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 59. வைரஸ் மருந்தால் ஒரு லாபமும் இல்லை. படுத்தே கிடக்காமல் கண்ணையும் தலையையும் அசைத்துச் செய்யும் சமநிலைப் பயிற்சி நன்மை தருகிறது.

திடீர்ச் செவிட்டுத்தன்மை என்பது மூன்று நாளுக்குள் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலாவது இழப்பது. பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. இறந்தவர் உட்செவியில் காணும் மாற்றங்கள் வைரஸ் நோயில் காண்பதைப் போலிருப்பதாக ஒரு தரப்பு சொல்கிறது. அந்தச் செல்களில் வைரஸையே காணோமே என்கிறது மறு தரப்பு. ரத்தநாள அடைப்பு, எதிர்ப்புச் சக்தியின் பிழை போன்ற விளக்கங்களும் நிற்கின்றன. கணிசமானோருக்குத் தானாகவே கேள்வி திரும்புவதால் எந்த மருந்துக்கும் எளிதில் நற்பெயர் கிடைத்துவிடுகிறது. 1980இல் வெளியான சிறு சோதனையில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 61 சதவீதத்தினரும் வெற்றுமாத்திரை பெற்றவர்களில் 32 சதவீதத்தினரும் தேறினார்கள். உலகெங்கும் ஸ்டீராய்டு கொடுப்பதற்கு அடிப்படை அதுவே. அண்மையில் ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனையில், அளவைப் பலமடங்கு கூட்டியும் பலன் கூடவில்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்தை வழக்கமாகத் தரவேண்டாம் என்றே அமெரிக்கக் காது மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது.

‘வைரஸாக இருக்கலாம்’ என்ற ஊகத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுமூளையில் வரும் பக்கவாதம் அச்சாக இதேபோலத் தலைசுற்றலோடு வரக்கூடும். ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ உள்ளவருக்கு முதல்முறையாக வரும் கடும் சுழற்சியை, கண்ணசைவைப் பரிசோதிக்காமல் வைரஸ் என்று அனுப்பிவிடக் கூடாது.

புதிய வரவுகள்

2015–16இல் பிரேசிலில் பரவிய ஜிகா வைரஸால் தலை சிறுத்துப் பிறந்த 70 குழந்தைகளை ரெசிஃபே நகரில் ஆய்ந்தபோது ஏறக்குறைய 6 சதவீதத்தினருக்கு உட்செவிப் பாதிப்பு இருந்தது. கொரோனா வைரஸ், அறுவைச் சிகிச்சையில் கிடைத்த மனித உட்செவித் திசுவின் சமநிலை மயிர்ச்செல்களைத் தொற்றக்கூடும் என்று 2021இல் ஆய்வகம் காட்டியது. ஆய்வகத்தில் தொற்ற முடிவது ஒன்று, ஊரில் காதைக் கெடுப்பது வேறு. கொரோனாவுக்குப் பின் இரைச்சலும் தலைசுற்றலும் பலர் சொன்ன தொல்லைகள்தாம். திடீர்ச் செவிட்டுத்தன்மை கூடியதா என்பதில் பல நாட்டுக் கணக்குகள் ஒத்துப்போகவில்லை.

எடைக்கேற்ற செயல்

குழந்தைகளின் செவித்திறன் இழப்பில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நத்தைக்கூட்டுக் கருவி பொருத்தப்படுகிறது. பல குடும்பங்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் பல லட்ச ரூபாய்க் கருவியும் ஆண்டுக்கணக்கான பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும் இடத்துக்கு ஒரு ஊசி முன்கூட்டியே போயிருக்கலாம்.

உறுதியான இடத்தில் செய்யவேண்டியவை கண்ணுக்குத் தெரிகின்றன. ருபெல்லா ஊசியின் இரண்டு தவணையும் விடுபடக்கூடாது. பொன்னுக்கு வீங்கியை அரசு அட்டவணையில் சேர்க்கவேண்டும். செவிப் பரிசோதனையில் தேறாத சிசுவுக்கு 21 நாளுக்குள் சைட்டோமெகாலோ பரிசோதனை செய்யவேண்டும். காதில் கொப்புளம் கண்டால் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கவேண்டும்.

ஊகமான இடத்தில் நோயாளிக்குச் சொல்லவேண்டியது வேறு. ஒரு காது திடீரென அடைத்தால் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காமல் அதே வாரம் செவிச்சோதனை செய்துகொள்ளவேண்டும். ஸ்டீராய்டு பலன் தருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் தொடங்கினால்தான் தரும். மருத்துவர் வைரஸ் என்று சொன்னால், எந்த வைரஸ், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் நோய்களைப் பெரும்பாலும் வருமுன்னோ முதல் சில நாட்களிலோதான் மறிக்க முடியும்; பதில் இல்லாத நோய்களில் அவசரமாகத் தேவைப்படுவது செவிச்சோதனையும் பக்கவாதம் இல்லை என்ற உறுதியும்.